விஷயமே இல்லாத ஒரு போன்

 

இன்று காலை உங்கள் வாட்ஸ்அப்பில் எத்தனை 'ஜும்ஆ முபாரக்' படங்கள் வந்தன? ரோஜாப்பூ, கஅபா, மேலே ஒரு பிறை. வந்ததை அப்படியே நாற்பது பேருக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள். அதைப் பாவம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாற்பது பேரில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யாருக்கு வேலை போய்விட்டது என்று தெரியுமா? ஜனாஸாவுக்கு வரும் சிலர் என்னிடம் சொல்வதுண்டு: "ஹஜ்ரத், போன வெள்ளிக்கிழமைகூட அவருக்கு மெசேஜ் போட்டேன். இவ்வளவு முடியாமல் இருந்தார் என்று தெரியாதே!" கபரில் மண் போடும்போது தெரிந்து என்ன செய்ய?

எழுத்தில் வரும் ஸலாமை நம் மார்க்கம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் ஸலாம் எழுதி வந்தால் அதற்குப் பதில் சொல்வது வாஜிப் என்று ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்அத்கார்' நூலில் எழுதியிருக்கிறார்கள். போனில் வரும் ஸலாமையும் அப்படித்தான் விளங்க வேண்டும். கட்டைவிரல் படம் அதற்குப் பதில் ஆகாது.

காரைக்காலுக்குக் கடிதத்தின் அருமை தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறி சைகோன் போனார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து கடிதம் கப்பலில் வந்து சேர வாரக்கணக்காகும். வந்தால், இன்னாருக்கு என் ஸலாம், இன்னாருக்கு என் ஸலாம் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். நாம் அனுப்பும் படத்தில் யார் பெயர் இருக்கிறது?

சரி, போன் செய்கிறோமா? ஏதாவது காரியம் இருந்தால் செய்கிறோம். அதனால்தான் பழைய நண்பர் நம் குரலைக் கேட்டதும், "என்ன விஷயம்?" என்று கேட்கிறார்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. ஒருவர் வேறோர் ஊரில் இருக்கும் தம் சகோதரரைப் பார்க்கப் புறப்படுகிறார். வழியில் அல்லாஹ் ஒரு மலக்கை நிறுத்துகிறான். எங்கே போகிறாய் என்று மலக்கு கேட்கிறார். பிறகு, அவரிடம் உனக்கு ஆக வேண்டிய காரியம் ஏதும் உண்டா என்கிறார். கவனியுங்கள், அதே "என்ன விஷயம்" என்ற கேள்விதான்! இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவுதான் என்கிறார் இவர். அப்படியானால் அல்லாஹ்வும் உன்னை நேசிக்கிறான், அதைச் சொல்லவே அனுப்பப்பட்டேன் என்கிறார் மலக்கு. விஷயம் எதுவும் இல்லாத பயணம். கிடைத்ததோ அல்லாஹ்வின் நேசம்.

தொழுதுவிட்டு வீடு சேரும்போது மணி 2 ஆகும். பாரிஸில் அப்போது கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. சிங்கப்பூரில் மாலை 4.30. துபாய்க்காரர்களை விட்டுவிடுங்கள், ஜும்ஆவுக்குக் கிளம்பும் நேரம். அஸருக்குப் பிறகு கூப்பிடுங்கள். ரொம்ப நாளாகப் பேசாத ஒருவர் போதும். "என்ன விஷயம்" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, உன் குரலைக் கேட்கத்தான்" என்று சொல்லுங்கள். எடுக்காவிட்டால் இரவு மறுபடி கூப்பிடுங்கள்.

தூரத்தில் தனியாக, நோயோடும் கடனோடும் இருக்கும் நம் நண்பர்களுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.