படத்தை வரைந்தது எது?

பீளமேட்டுக் கல்லூரி விடுதிகளில் லினக்ஸை விரும்பி நிறுவிக்கொள்ளும் மாணவர்கள், வினாடிக்கு 60 பிரேம்கள் ஓடவேண்டிய விளையாட்டு ஐந்தாறு பிரேம்களில் தள்ளாடக் கண்டதும், "கிராபிக்ஸ் கார்டு சரியில்லை" என்று உடனே தீர்ப்பளித்துவிடுகிறார்கள். இத்தீர்ப்புக்குள் பழமையான தத்துவ விசாரணை ஒன்று அடங்கியிருக்கிறது: ஒரு காரியம் கண்முன் நிகழும்போது, அதற்குக் கர்த்தா இன்னதென்று எந்தப் பிரமாணத்தைக் கொண்டு துணிகிறோம்?

திரையில் படம் அசைகிறது. பெட்டிக்குள் கார்டு இருக்கிறது. ஆகவே வரைவது கார்டே என்று மனம் அனுமானிக்கிறது. ஆனால், கார்டுக்குரிய டிரைவர் ஏறாதபோதும் லினக்ஸ் பெரும்பாலும் திரையை இருளவிடுவதில்லை. எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருளின் வழியாக, கார்டு செய்யவேண்டிய கணக்கு முழுவதையும் மையச் செயலியின்மேல் சுமத்தி, இயன்ற அளவு வரைந்து கொடுத்துவிடுகிறது. உழைத்தது செயலி, பழி கார்டின்மேல். கெர்னல் புதுப்பிக்கப்பட்டபின் டிரைவர் அதனோடு பொருந்தாமற் போயிருக்கலாம்; கையொப்பமில்லாத டிரைவரை செக்யூர் பூட் தடுத்திருக்கலாம்; இரண்டு கிராபிக்ஸ் சிப்புகளுள்ள லேப்டாப்பில், செயலியோடு இணைந்த சிறிய சிப்பே விளையாட்டை நடத்திக்கொண்டிருக்கலாம். 2014-இல் வெளிவந்த என்விடியா 900 வரிசைக் கார்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற ஃபர்ம்வேர் இன்றி அவற்றின் வேகத்தை உயர்த்த இயலாதாகையால், திறந்த மூல நூவோ டிரைவரின் கீழ் அவை தொடக்க வேகத்திலேயே கட்டுண்டு கிடக்கின்றன. ஆற்றல் உண்டு, வெளிப்பட வழியில்லை.

சைவ சித்தாந்த ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் முகப்பில் பிரமாணங்களாகிய அளவைகளை வகுத்து, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கியபோது, ஐயமும் திரிபும் அகன்ற காட்சியையே காட்சி என ஏற்றார். ஒன்றின் தொழிலை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பது திரிபு. அவருடைய ஆசிரியராகிய மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலும் பொறிகளும் பிராணனும் உயிரல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்து, அவ்வாறு கழிக்கும் அறிவுடைய ஒன்று எஞ்சி நிற்பதைக் காட்டுகிறார். பழுது தேடுகிறவனுக்கு இதைவிடச் சிறந்த நெறியை நான் அறியேன். பல்லடத்துத் தோட்டத்தில் போர்வெல் தண்ணீர் குறைந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் மோட்டாரை மேலே ஏற்றுவதற்கு முன், ஸ்டார்ட்டருக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது அந்நெறியே.

உயிரற்ற பொருளின்மேல் சாட்டும் பொய்ப்பழியால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். கார்டுக்குத் தீங்கில்லைதான், அறிகிறவனுக்கு உண்டு. விசாரியாமல் தீர்ப்பளிக்கப் பழகிய மனம், தாய்மொழியில் மட்டும் படித்துவந்த மாணவன் ஆங்கில வகுப்பில் மௌனமாயிருக்கக் கண்டால், அவனையும் மந்தபுத்தி என்றே எழுதிவிடும். ஜடப்பொருளுக்கும் நியாயம் வழங்குவதை ஆன்மிக சாதனையின் ஒரு பகுதியாகவே நான் கொள்கிறேன்.

ஆகையால், மாணவ நண்பர்களே, புதுக் கார்டு வாங்கக் காந்திபுரத்துக்குப் புறப்படுவதற்கு முன், டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை இட்டு, ரெண்டரர் என்னும் வரியில் யாருடைய பெயர் இருக்கிறதென்று படியுங்கள். அங்கே கார்டின் பெயரே இருந்து, விளையாட்டு நடக்கும்போது அதன் கடிகார வேகமும் வெப்பமும் முறையாக இருந்து, அதன்பிறகும் பிரேம்கள் உயராவிட்டால், அப்போது கார்டைக் குறை சொல்லுங்கள்.