விற்ற லாபம் யாருடையது?

ரெண்டு வருஷத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு காமிக்ஸ் கண்காட்சியில், உள்ளூர் ஓவியர் ஒருவர் கையால் வரைந்த பக்கம் ஒன்றை 120 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். போன மாசம் ஒருத்தர் அதற்கு 1,000 ரிங்கிட் தர்றேன்னார். ஹாஸ்டல் வாடகை கட்ட வேண்டிய நேரம். சந்தோஷமாக ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் கேட்டான்: “வரைஞ்சவருக்கு எவ்வளவு கொடுக்கப் போற?” சிரிச்சேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

காமிக்ஸ் மூல ஓவியம் என்பது அச்சுக்குப் போகும் முன் இருக்கும் தாள். ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன் மேல் மை போடுவார். வெள்ளை மைத் திருத்தமும் ஓரக் குறிப்பும் அப்படியே தெரியும். புத்தகம் லட்சம் பிரதி அச்சாகலாம். அந்தத் தாள் ஒண்ணுதான். அதனால்தான் இன்று பலர் அதை நிலம், தங்கம் மாதிரி முதலீடாக வாங்குகிறார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் அமெரிக்க ஓவியர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி மட்டும்தான். தாள் கம்பெனியிடமே தங்கிவிடும். மார்வெலின் பெரிய நாயகர்கள் பலரை உருவாக்கிய ஜாக் கிர்பி, தான் வரைந்த பக்கங்களைத் திரும்ப வாங்க 1980களில் போராட வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தது அவர் வரைந்ததில் ஒரு பகுதிதான்.

இன்னொரு கதை எனக்கு அதைவிட முக்கியம். 1974இல் வந்த ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில்தான் வுல்வரின் முதன்முதலாகத் தோன்றுகிறார். வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப்பி. அந்தத் தாளை 1983இல் ஓர் இளம் ரசிகருக்கு அவர் சும்மா கொடுத்துவிட்டார். 1990களில் காமிக்ஸ் வேலை போய், ஐம்பது வயதுக்கு மேல் பள்ளி ஆசிரியரானார். 2014இல் அதே தாள் ஏலத்தில் 657,250 டாலருக்குப் போனது.

சட்டப்படி அந்தப் பணம் முழுக்க வைத்திருந்தவருக்குத்தான். “அவர்தானே முப்பது வருஷம் பத்திரமா வச்சிருந்தார்? விலை ஏறலன்னா நஷ்டத்தை ஓவியர் பங்குபோட்டுக்குவாரா?” என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் பிரான்ஸ் 1920லேயே, கலைப்படைப்பு மறுபடி விற்கப்படும்போது கலைஞருக்கும் ஒரு பங்கு என்று சட்டம் போட்டது. பிரிட்டனில் 2006இல் வந்தது. அங்கே பங்கு நாலு சதவீதத்தில் தொடங்குகிறது. அதாவது, விற்றதோடு எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் நினைக்கவில்லை.

சரி, பங்கு கொடுப்பதென்றால் யாருக்கு? வுல்வரினின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஜான் ரொமிட்டா, கதை எழுதியவர் லென் வீன், மை போட்டவர் ஜாக் ஏபெல். ஒரு தாளில் எத்தனை கை!

இங்கேதான் நம்ம சமயம் சொல்லும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. மனிதன் பிறக்கும்போதே தேவர், ரிஷி, பித்ரு என்று மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறோம். ரிஷி கடனை எப்படி அடைப்பது? ரிஷிகளைத் தேடிப்போய்ப் பணம் கட்ட முடியாது. அவர்கள் தந்ததைக் கற்று, அடுத்தவருக்குக் கொடுத்து அந்த வழி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அடைக்கும் முறை.

அந்த ரசிகரும் அதைத்தான் செய்தார். விற்ற பணத்தில் பெரும்பகுதியை, கஷ்டப்படும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. டிரிம்ப்பியோடு நிற்காமல், அவரைப் போன்ற எல்லாருக்கும் அந்தக் கடன் போய்ச் சேர்ந்தது.

சேகரிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. யாரோ பத்திரமாக வைத்ததால்தான் அந்தப் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. விலையை மட்டும் பார்த்து, வரைந்த கையை மறப்பதுதான் தப்பு.

நான் அந்தப் பக்கத்தை விற்றேன். லாபம் 880 ரிங்கிட். அதில் கால் பங்கு, 220 ரிங்கிட்டை, ஓவியருக்கு அனுப்பினேன். அனுப்பும்போது மனசு கொஞ்சம் வலிச்சது, பொய் சொல்ல மாட்டேன். “எதுக்குத் தம்பி இது? நீங்க அன்னிக்கே காசு கொடுத்துட்டீங்களே” என்று அவர் கேட்டார்.

“விலையைத்தான் கொடுத்தேன் அண்ணே, கடன் பாக்கி இருந்துச்சு” என்றேன்.