சமநீதியாவது யாது?

ஒரு வகுப்பிலே நாற்பது மாணாக்கர் இருப்பாராயின், அந்நாற்பதின்மரையும் ஒரேவிதமாக நடத்துதலே நடுவுநிலைமையாமென்று ஆசிரியர் பலர் கருதுகின்றனர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதினோம். அக்கருத்து முற்றும் பிழையன்று, முற்றும் சரியுமன்று. இதனை எமக்கு உணர்த்தியது யாம் செய்த ஒரு பிழையேயாம்.

பல வருஷங்களுக்கு முன்னர் யாம் கற்பித்த வகுப்பிலே மாணாக்கரை உயரத்தின்படி இருத்துவது எமது வழக்கம். கடைசி வாங்கிலிருந்த ஒரு சிறுவன் கரும்பலகையைப் பாராது, பக்கத்திலிருந்தவனுடைய கொப்பியையே பார்த்து எழுதுவான். அதனைக் கள்ளமென்று துணிந்து பலமுறை தண்டித்தோம். அவன் மறுமொழி யாதுஞ் சொல்லிலன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. விசாரித்தபொழுது, அவனுக்குக் கண்பார்வை மிகக் குறைவென்றும், பலகையில் எழுதியது ஒன்றும் அவனுக்குத் தெரிவதில்லையென்றும், அதனை வெளியிட நாணினானென்றும் அவன் தாயார் கூறினார். எமது விதி யாவர்க்கும் பொதுவாயிருந்தது. அதன் பாரமோ அவன் ஒருவன்மேலேயே விழுந்தது. முன்வாங்கிலே ஓரிடங் கொடுத்திருப்போமாயின் அப்பாரம் நீங்கியிருக்கும். அதற்கு ஒரு சதமேனுஞ் செலவில்லை.

இத்தகைய தீங்கைச் சட்டத்தால் விலக்க முயன்ற தேசங்களுள் பிரித்தானியா ஒன்று. அங்கே 1995 ஆம் ஆண்டிலே அங்கவீனர்க்கு வேற்றுமை செய்தலை விலக்குஞ் சட்டம் இயற்றப்பட்டது. 2001 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினாற் பாடசாலைகளும் சர்வகலாசாலைகளும் அதனுள் முழுதும் அடக்கப்பட்டன. பின்னர் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து என்னும் மூன்றிடத்தும் அதன் தானத்தைப் பெற்றது. அதன் 20 ஆம் பிரிவு, நியாயமான மாற்றஞ் செய்யுங் கடமையை மூன்றாக வகுக்கின்றது. ஒரு விதியோ வழக்கமோ அங்கவீனரை மற்றையோரினும் மிக்க இடருக்குள்ளாக்குமாயின் அவ்விடரை நீக்குதல் ஒன்று. கட்டட அமைப்பால் வரும் இடரை நீக்குதல் ஒன்று. துணைக்கருவியோ துணைச்சேவையோ வேண்டுமிடத்து அதனை உதவுதல் ஒன்று. பாடசாலைகளுக்கு முதலாவதும் மூன்றாவதுமே நேரே உரியன. கட்டடங்களின் பொருட்டு அவை தனியே திட்டம் வகுத்தல் வேண்டும். மாற்றத்திற்காகுஞ் செலவை அங்கவீனர் தலையிற் சுமத்தலாகாதென்பது அப்பிரிவின் பொதுவிதி.

இவ்விடத்தே ஓர் ஆக்ஷேபம் எழும். ஒருவனுக்கு மட்டும் வேறுவிதி செய்தல் மற்றையோர்க்கு அநீதியன்றோ? இதற்கு 2004 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கொன்று விடை கூறுகின்றது. ஸ்கொத்லாந்திலே பைஃப் நகராட்சியின்கீழ் வீதி கூட்டிய ஒரு பெண், சத்திரசிகிச்சையொன்றின் பின்னர் நடக்க இயலாதவரானார். இருந்து செய்யும் வேலையை அவர் செய்யக்கூடும். ஆயினும், மேற்படியிலுள்ள உத்தியோகத்திற்குப் போட்டி நேர்முகத்தின் வாயிலாகவே வரல்வேண்டுமென்பது நகராட்சியின் விதி. அவர் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் பெறாது வேலையினின்றும் நீக்கப்பட்டார். விதி யாவர்க்கும் ஒன்றேயென்பது நகராட்சியின் வாதம். நீதிபதிகளோ, அவ்விதியைத் தளர்த்திப் போட்டியின்றி அவரை வேறிடத்திற்கு மாற்றுதலும் அக்கடமையுள் அடங்கக்கூடுமென்றும், இச்சட்டம் ஓரளவு மிகுதியாக உதவுதலையே வேண்டுகின்றதென்றும் தீர்த்து, வழக்கை மீளவும் விசாரிக்க அனுப்பினர். பள்ளத்தில் நிற்பவனுக்கும் மேட்டில் நிற்பவனுக்கும் ஒரே நீளமான கயிற்றை எறிந்துவிட்டு, இருவர்க்கும் ஒப்பச் செய்தோமென்றல் நீதியாகாது.

அற்றேல், எதனையும் மாற்றலாமோவெனின், அன்று. மாற்றம் நியாயமானதாதல் வேண்டும். அதனாற் பயனுண்டோ, செய்ய இயலுமோ, செலவு செய்வோனுடைய வளத்திற்கு ஏற்றதோ என்பன நோக்கப்படும். பரீக்ஷை ஒன்று எதனை அளக்கவந்ததோ அதனைக் குறைத்தல் மாற்றமன்று. கணக்கறிவை அளக்கும் பரீக்ஷையிலே, கைந்நடுக்கமுடையானுக்கு மேலும் அரைமணி கொடுத்தாற் கணக்குக் குறையாது. பிழைத்த விடைக்குப் புள்ளி கொடுத்தாலோ அறிவின் அளவு பொய்யாகும். முன்னது தடையை நீக்குதல். பின்னது தகுதியை அழித்தல். இவ்விரண்டனையும் வேறுபிரித்துணராமையே ஆக்ஷேபம் பலவற்றிற்குங் காரணம்.

இன்னும் சிலர், அங்கவீனம் பழவினைப் பயனாதலின் அதனைப் பிறர் மாற்ற முயல்வது எற்றுக்கென்பர். சைவ ஆசிரியர் இதற்கு விடை கூறாது போதல் தகாது. அவன் அனுபவிப்பது பிராரத்தமென்றே கொள்ளுக. அவனை நாம் நடத்தும் விதமோ நமது ஆகாமியம். அவனுடைய கண் மங்கியதற்கு நாம் காரணரல்லேம்; அவனைக் கடைசி வாங்கில் இருத்தியதற்குக் காரணர் நாமே. பிறர் வினையைக் கணக்கிடுதல் நம் தொழிலன்று.

மற்றொருசாரார், இஃது இரக்கத்தின்பாற்பட்டது, கடமையன்று என்பர். இரக்கம் கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தது. இன்று உண்டு, நாளை இல்லையாம். கடமையோ பெறுபவனுடைய உரிமையைப் பொறுத்தது. ஐக்கிய நாடுகள் சபை 2006 ஆம் ஆண்டில் ஏற்ற உடன்படிக்கை, நியாயமான மாற்றத்தை மறுத்தலும் வேற்றுமை செய்தலேயாமென்று வரையறுக்கின்றது. இலங்கை அதனை 2016 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. அதற்கு முன்னரே 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனங் காரணமாக ஒருவரைக் கல்விச்சாலையிற் சேர்த்தற்கண் வேற்றுமை செய்தலாகாதென விதித்தது. வாயிலைத் திறந்து உள்ளே அழைத்தபின், பலகை தெரியாத இடத்தில் இருத்துவோமாயின், அழைத்ததனாற் பயன் யாது?

பிரித்தானியச் சட்டத்திலே பாடசாலையின் கடமை முன்னறிந்து செய்யுங் கடமையாம். மாணாக்கன் கேட்டபின்பு தேடுதல் போதாது. இன்னார் வரக்கூடுமென எண்ணி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். எமக்கு இதுவே மிகவும் உறைத்தது. எம் மாணாக்கன் கேட்டிலன். கேளாமையால் யாம் அறிந்திலோம். அறியாமையை நியாயமென்று கொண்டோம். தண்டனைக்கு அஞ்சுஞ் சிறுவன் தன் குறையை எவ்வாறு வாய்விட்டுச் சொல்லுவான்?

ஆதலின், ஆசிரியன்மாரே, தவணைத் தொடக்கத்திலே ஒவ்வொரு வாங்கிலும் தாமே இருந்து பலகையை நோக்குமின்கள். பின்னிருப்போர்க்குக் குரல் கேட்கின்றதோவென வினாவுமின்கள். ஊன்றுகோலுடன் வருஞ் சிறுமிக்கு மேன்மாடி வகுப்பைக் கீழே மாற்ற இயலுமோவென ஆராயுமின்கள். பார்த்தெழுதும் பிள்ளையைக் காணின், பிரம்பை எடுக்குமுன், பலகையிலுள்ளதை வாசிக்கச் சொல்லுமின்கள். யாம் அதனை அன்று செய்திலோம். இப்பொழுது ஒவ்வொரு தவணையுஞ் செய்கின்றோம். ஆயினும் அச்சிறுவன் திரும்பி வந்திலன்.