சூம்பின கையும் தறிக்கையும்



ஓய்வுநாளில் செபக்கூடத்திலிருந்த சூம்பின கையுடையவனை நமதாண்டவர் நடுவில் நிறுத்திக் குணமாக்கியதை அர்ச். மாற்கு 3-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உழைக்கும் கையின் அருமை நாசரேத்துத் தச்சருக்குத் தெரியாதா?

நமது பங்கில் தறி நெய்யும் ஒருவர் (அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்) பெருவிரல் முதல் மூன்று விரலும் மரத்து, இரவில் கையை உதறிக்கொண்டு விழிக்கிறார். பட்டிழையா சரிகையா என்று விரலுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கிறது, அதன்மேல் குறுக்கே கிடக்கும் தடித்த நாரை அறுத்துவிட வேண்டும் என்கிறார் வைத்தியர். "இந்தப் பாவு முடியட்டும் சுவாமி, நோவை ஆண்டவருடைய பாடுகளோடு ஒப்புக்கொடுக்கிறேன்" என்கிறார் இவர். மூன்று பாவு முடிந்தாயிற்று.

1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் (நம் திருச்சபையினரல்லர், இருந்தாலென்ன?) குஷ்டரோகிகளின் கைகளில் கண்டதென்ன? நோவு தெரியாமற்போனதால் காயப்பட்டே அவர்கள் விரல்களை இழந்தார்கள். நோவு சர்வேசுரன் வைத்த காவற்காரன். அவன் கூப்பிடும்போது கதவைச் சாத்துவது தவமல்ல.

ஆரம்பத்தில் இரவிலே மணிக்கட்டுக்குப் பட்டை கட்டி, கைக்கு ஓய்வு கொடுத்தாலே சிலருக்குத் தணியும், கத்திக்கு அவசரமில்லை. பெருவிரலின் அடிச்சதை சூம்பத் தொடங்கினாலோ, தாமதித்தபின் ஆபரேஷன் செய்தும் பழைய பலம் திரும்பாமற் போகலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்; தறியில் உட்காரத்தான் சில வாரங்களாகும். அவ்வாரங்களின் கூலியே மெய்யான பயம். பாவு கொடுக்கும் முதலாளிமாரில் நம் பங்கினரும் உண்டு. முன்பணத்திற்காக இப்போது நெருக்கவேண்டாம். அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் ஞாயிறு பூசைக்குப் பின் என்னைப் பார்க்கவும்.