கோடை வெயிலும் கந்தோர் உடையும்

சித்திரை மாதத்தில் சூரியன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. மாரி மழை ஓய்ந்து மாதங்கள் கடந்திருக்கும். சோளகம் இன்னும் வலுத்திராது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நிலமாதலால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈரக்காற்றில் அது எளிதில் உலர்வதில்லை. இந்நாட்களில் தோட்டத்தில் நிற்கும் விவசாயி சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொள்கிறான். அதே நேரத்தில் கச்சேரியிலும் வங்கியிலும் பாடசாலையிலும் முழுக்கைச் சட்டை, காற்சட்டை, சப்பாத்து என ஆண்களும், ஐந்தரை மீற்றர் சேலையில் பெண்களும் வெந்துகொண்டிருக்கின்றனர். விவசாயிக்கு உடை வெயிலைத் தடுக்கும் கருவி. உத்தியோகத்தருக்கு அது வெயிலோடு சேர்ந்து வருத்தும் சுமை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

'மரியாதை' என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கும். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்ற பழமொழியும் துணைக்கு வரும். மரியாதை வேண்டாம் என்போர் எவருமில்லை. ஆனால் அது எந்தத் துணியில் குடியிருக்கிறது? நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே செல்லவேண்டும். அங்கே திறந்த மார்பு பக்தியின் அடையாளம். கந்தோரில் அது அநாகரிகம். இவ்விரண்டையும்விட உற்று நோக்கத்தக்க மூன்றாவதொன்றும் உண்டு. சென்ற நூற்றாண்டிலும் இம்மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவதும், முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுப்பதும், தோளில் சால்வை இடுவதும் குற்றமாகக் கருதப்பட்டன. உயர்சாதியினர் எதிர்ப்பட்டால் சால்வையை எடுத்து அரையில் கட்ட நேர்ந்தது. அங்கே திறந்த மார்பு அடிமைத்தனத்தின் முத்திரை. உடல் ஒன்று, வெயில் ஒன்று, பொருளோ மூன்று. உடைக்குப் பொருள் தருவது அதனை விதிக்கும் அதிகாரமே என்பது இதனாற் புலப்படும்.

இன்றைய கந்தோர் உடையின் பிறப்பும் இவ்வாறானதே. குளிர்நாட்டுக்கு ஏற்றதாய்த் தைக்கப்பட்ட உடை, ஆட்சியாளரின் உடை என்பதனாலேயே உயர்ந்த உடையாயிற்று. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்று கூறிய சமூகத்தில், காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் தோட்டத்து மண்ணிலிருந்து விடுபட்டதற்கான பத்திரங்களாயின. இரவல் நாகரிகத்தின் இழிவை ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டிலேயே கண்டித்தார். பின்னர் 1920களில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேசிய உடையைப் போற்றியது.

ஆயினும் அந்நிய உடை நீங்கியதும் அதிகாரம் நீங்கிவிடவில்லை. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளை அடுத்து, மே மாதத்தில் வெளியான அரசாங்கச் சுற்றறிக்கையொன்று, அரச அலுவலகங்களிற் பணிபுரியும் பெண்கள் சேலை அல்லது ஒசரியே அணியவேண்டுமென விதித்தது. முஸ்லிம் பெண்களே அதனால் முதலிற் பாதிக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அது திருத்தப்பட்டது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அரச ஊழியரின் உடைவிதி தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையைத் தவிர்த்து வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றனர். ஆசிரியைகளின் சேலையில் மாற்றமில்லை எனக் கல்வி அமைச்சு அறிவித்தது. அன்று எழுந்த விவாதத்தில் 'பண்பாடு' என்ற சொல் பலமுறை ஒலித்தது. சேலையின் விலையையும், அதனை உடுத்துப் பேருந்தில் தொங்கி வந்து, நாள் முழுதும் நின்று கற்பிக்கும் உடலையும் பற்றிப் பேசியோர் சிலரே.

எனினும், வெயிலைக் காட்டி எல்லா உடைவிதிகளையும் களைந்துவிடலாம் என்போர் ஒரு வரலாற்றை மறந்துவிடலாகாது. 1921இல் காந்தி மதுரையில் அரையாடைக்கு மாறினார். அம்பேத்கரோ அதே வெயில் நாட்டில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வாழ்ந்தார். இருந்ததைத் துறப்பது ஒன்று. மறுக்கப்பட்டதைப் பெறுவது வேறொன்று. தந்தையின் தோளில் சால்வை தடுக்கப்பட்டதைக் கண்டு வளர்ந்தவன், ஆசிரியனாகி வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தால், அவனை வெள்ளைக்காரனின் நிழல் என்று நகைக்க நமக்கு உரிமையில்லை. சேலையே தனக்கு நிமிர்வு தருகிறது என்று கூறும் ஆசிரியையின் சொல்லும் மதிக்கத்தக்கதே.

ஆதலால் எந்த உடை சரியானது என்று கேட்பது பயனற்றது. ஓர் உடைவிதியின் அறத்தை அளக்க வேறு கேள்விகள் உள. அணிபவர் அதனை மறுக்க முடியுமா? அதன் துன்பத்தைச் சுமப்பவர் யார்? சுற்றறிக்கை குளிரூட்டிய அறையில் எழுதப்படுகிறது. தகரக் கூரையின் கீழ் நிறைவேற்றப்படுகிறது. மேலதிகாரியின் கோட்டுக்காகக் குளிரூட்டி; குளிரூட்டியின் குளிருக்காகக் கோட்டு. அந்த இயந்திரம் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அங்கே வரிசையில் நிற்பவர்கள் பொதுமக்கள். இந்த வட்டத்தை உடைப்பது இயலாததன்று. 2005இல் ஜப்பானிய அரசு, அலுவலகக் குளிரூட்டிகளைக் கோடையில் 28 பாகையில் வைத்து, கோட்டையும் கழுத்துப்பட்டியையும் விட்டுவிடுமாறு கூறியது. 2009இல் வங்காளதேசமும் மின்சாரத்தைச் சேமிக்க ஆண் உத்தியோகத்தர் கோட்டு அணிவதை நிறுத்தச் சொன்னது. அதனால் அந்நாட்டு அலுவலகங்களின் கண்ணியம் கெட்டுவிடவில்லை.

தூய்மையும், தொழிலுக்கு இசைவும், எதிரே நிற்பவரைப் பொருட்படுத்தும் நடத்தையும் அலுவலகத்துக்கு வேண்டியவை. துவைத்த பருத்தி அரைக்கைச் சட்டையிலும், தளர்ந்த சல்வாரிலும், விரும்பி உடுத்த சேலையிலும் அவை இருக்கமுடியும். ஆசிரியர்களாகிய நாம் நமது வெப்பத்தை மட்டும் பேசி நின்றுவிடலாகாது. சாரத்தோடு வந்தமைக்காகப் படிக்கட்டில் நிறுத்தப்படும் விவசாயியின் கேள்வியும், சப்பாத்து இல்லாமையால் வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் கேள்வியும் இதே கேள்விதான். நமது கழுத்துப் பொத்தானைத் தளர்த்தக் கோரும் நாம், அந்தப் பிள்ளையை உள்ளே அழைக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.