மேட்டூருக்குத் தர வேண்டிய பாக்கி

சேலம் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 1987-க்கும் 1990-க்கும் இடையில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு ஓடத் தொடங்கின. 2013-இல் 600 மெகாவாட் அலகு ஒன்று சேர்ந்தது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல்தான். புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் கருவிகள் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். பிடித்த சாம்பலை அள்ளுவது, லாரியில் ஏற்றுவது, சாம்பல் குளத்தில் கொட்டுவது எல்லாம் பெரும்பாலும் திறந்த வெளியில் நடக்கிற வேலைகள். ஆடிக் காற்றில் கொடித் துணியை உதறி மடிப்பதும், தண்ணீர்க் குடத்தைத் திறந்து வைக்காமல் இருப்பதும் சாம்பலுக்கு அருகில் வாழ்பவர்களின் அன்றாடப் பழக்கம்.

இப்படிப்பட்ட ஊர்ப்புறக் காற்றைச் சுத்தப்படுத்த அரசுப் பணத்தைச் செலவழிப்பது நியாயமா? பத்து ஊர் மக்களின் மூச்சுக்காக மாநிலம் முழுவதும் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் பணத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளிக்கூடமும் காத்திருக்கின்றன. தவிர, கெடுத்தவர் ஒருவர் இருக்க, சுத்தம் செய்யும் செலவைப் பொதுமக்கள் தலையில் கட்டுவது அநியாயம். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் ஆலை என்றால் இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. அதன் புகைக்கு அரசுப் பணத்தில் பரிகாரம் தேடுவது முதலாளிக்குக் கொடுக்கும் மறைமுக மானியம். அவசரத்துக்கு அரசு முன்பணம் போடலாம், பிறகு வசூலித்தே தீர வேண்டும்.

மேட்டூரில் கெடுத்தவர் யார் என்று கேட்டால்தான் விஷயம் சிக்கலாகிறது. அந்த மின் நிலையம் அரசுக்குச் சொந்தம். அதன் மின்சாரத்தில் சென்னை அடுக்குமாடியில் ஏசி ஓடுகிறது, கோவையில் நூற்பாலை ஓடுகிறது, தஞ்சையில் இலவசமாக பம்புசெட் இறைக்கிறது. அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகப் புகையைப் பிடிக்கும் கருவியே வேண்டாம் என்று தளர்த்திவிட்டார்கள். கருவி பொருத்தினால் மின்கட்டணம் ஏறும் என்பது தளர்த்தச் சொன்னவர்களின் வாதங்களில் ஒன்று. யூனிட்டுக்குச் சில பைசா நமக்கு மிச்சம். அதற்கான விலையைப் புகைபோக்கிக்குக் கீழே வாழ்பவர்களின் நுரையீரல் கொடுக்கிறது. ஆகவே மாசுபடுத்தியவர் யார் என்று தேடிக்கொண்டே போனால், கடைசியில் பில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. இங்கே செலவழிக்கும் அரசுப் பணம் உதவித்தொகை ஆகாது. அது பழைய பாக்கி.

சேலம் சிவதாபுரம், பனங்காடு பக்கம் பட்டறைகளில் இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது. கொலுசு வேலை அங்கே வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வளையம் வளையமாகக் கோத்த வெள்ளியைத் தீயில் காட்டிப் பற்ற வைக்கும் பெண், அந்தப் புகைக்கு மேல் குனிந்துதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த அறையில் திராவகத்தில் வெள்ளியைக் கழுவுகிறார்கள், அதே கூரையின் கீழ் சோறும் வேகிறது. மாசுபடுத்துபவரும் அவர்தான், அதை முதலில் சுவாசிப்பவரும் அவர்தான். கூலிக்குக் கொலுசு பற்ற வைக்கிறவரிடம் அபராதம் வசூலிப்பது எந்த நீதி? புகையை வெளியே இழுக்கும் விசிறிக்கும் கூண்டுக்கும் அரசு முழுச் செலவையும் தர வேண்டும். விறகடுப்பின் புகை தீமை என்று உணர்ந்துதானே 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. தொழில் அடுப்புக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியாது.

இப்போதுள்ள பணம் எங்கே போகிறது? 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் 131 நகரங்கள் சேர்க்கப்பட்டன. தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே அதில் இடம்பெற்றன. சேலம் இல்லை. நகரங்களுக்கான திட்டத்தில் மேட்டூர் ஓரத்துக் கிராமங்களுக்கு இடமேது? கொடுத்த பணத்திலும் 64 விழுக்காடு சாலைத் தூசியை அடக்கப் போனது என்றும், தொழிற்சாலைப் புகைக்கு ஒரு விழுக்காடுகூடப் போகவில்லை என்றும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குக் காட்டியது. தெருவைக் கூட்டும் வண்டி வாங்கினால் யாருடைய பகையும் வராது. அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

உள்ளூரிலேயே வேறு பணம் உண்டு. சேலத்தை ஒட்டிய செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி பக்கம் நூறாண்டுக்கு மேலாக வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டியிருக்கிறார்கள். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சுரங்கக்காரர் கட்டும் உரிமத் தொகையோடு இன்னொரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் வர வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு மாசுக் கட்டுப்பாடும் அதன் முன்னுரிமைச் செலவுகளில் சேர்ந்ததே. அனல்மின் நிலையங்கள் சாம்பல் விற்ற காசுக்கும் விதி இருந்தது. அதைத் தனிக் கணக்கில் வைத்து, சாம்பலைப் பயன்படுத்தும் வழிகளைப் பெருக்கவே செலவிட வேண்டும் என்று மத்திய அரசின் 2009 அறிவிக்கை சொன்னது. சாம்பலுக்கு ஏற்பாடு செய்தவர்கள், அதைச் சுவாசிக்கும் ஆளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

செலவை யார் முடிவு செய்வது என்பதும் அறம் சார்ந்த கேள்விதான். பாக்கி என்று ஒப்புக்கொண்டால், அதை எப்படிச் செலவிடுவது என்பதைக் கடன் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. காற்றுக்கு வந்த தொகை, வாங்கிய கருவி, அளந்த அளவு மூன்றும் அங்கே வாசிக்கப்பட வேண்டும். வழக்கமான கையால் எடுக்கும் அளவீடு வாரத்துக்கு இரண்டு நாள்தான். மற்ற ஐந்து நாள் காற்று எந்த ஏட்டிலும் இல்லை.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்பவர்கள் கடலூரைப் பார்க்கலாம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்துக் கிராமத்தினர் துர்நாற்றம் வீசிய நேரங்களைக் குறித்துவைத்து, ஒரு வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் அதில் இருந்தது 2004-இல் அறிக்கையாக வெளிவந்தது. கலிபோர்னியாவில் 2017-இல் வந்த சட்டம், மாசு மிகுந்த குடியிருப்புகளின் மக்களே காற்றை அளக்கவும் திட்டம் தீட்டவும் அரசு நிதி கொடுக்கிறது. கடலூர்க்காரர்கள் அரசு நிதி இல்லாமல் செய்துகாட்டியதை மேட்டூர் பக்கத்துத் தொட்டில்பட்டியும் ராமன் நகரும் செய்வதற்கு, முதல் தவணையாக ஊருக்கொரு அளவுக்கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேருக்குச் சம்பளமும் போதும்.