வளைவதும் நிமிர்வதும்

முதுகு வளைவது இழிவா? ஆலையில் குனிந்துழைத்த நாளில் நானும் அவ்வாறே எண்ணி நாணினேன். முதுகெலும்பையே வினவுவோம். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் தனித்தனியே அசைவன. இடையிலுள்ள வட்டுகள் அழுந்தும்போது நீரை இழந்து, அழுத்தம் நீங்கும்போது மீண்டும் உறிஞ்சுகின்றன. ஆகவே வளைதல் குற்றமன்று, நிமிரவிடாமையே குற்றம்.

பொம்மனஹள்ளி ஆடை ஆலைகளில் நாள் முழுதும் குனிந்து தைப்போர் பெரும்பாலும் பெண்கள். தம் வருங்கால வைப்பு நிதியை எடுக்க அரசு கட்டுப்பாடு விதித்தபோது, 2016 ஏப்ரல் 18இல் அவர்கள் ஓசூர்ச் சாலையில் திரண்டனர். மறுநாளே அவ்விதி கைவிடப்பட்டது. குனிந்த முதுகு அடிமை முதுகன்று என்பதை அன்று கண்டோம்.

உழைப்புக்குக் குனிவோம், அநீதியின்முன் நிமிர்வோம். நமக்காகக் குனிவோர் நிமிர்ந்து இளைப்பாற இடந்தருவதே அறம்.